ஈரலிற் படிந்த கொழுப்பு

இன்சுலின் கண்டறியப்பட்ட வரலாறு பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. 1921 ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பிரெடரிக் பன்ரிங் என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியரும், சாள்ஸ் பெஸ்ற் என்னும் இருபத்திரண்டு வயது மாணவரும் நாய்களின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அச்சாறு, நீரிழிவினால் இறக்குந் தறுவாயிலிருந்த பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு ஏற்றப்பட்டது. 1923 இல் நோபெற் பரிசு கிடைத்தது. அது பன்ரிங்குக்கும் ஆய்வுகூடத்தின் தலைவரான பேராசிரியர் மக்கிளவுட்டுக்கும் உரியதாயிற்று. பெஸ்ற்றின் பெயர் அதில் இல்லை. பன்ரிங் தம் பங்குப் பணத்திற் பாதியை அவருக்குக் கொடுத்தார். இவ்வளவில் கதையை நிறுத்துவதே வழக்கம். ஆயினும் அவ்வாய்வுகூடத்து நாய்களின் கதை அத்துடன் முடியவில்லை.

சதையி அகற்றப்பட்ட நாய்க்குக் கடும் நீரிழிவு தோன்றும் என்பதை 1889 இல் ஸ்ராஸ்பூர்க் நகரில் மின்கொவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் காட்டியிருந்தனர். அத்தகைய நாய் நெடுநாள் உயிர் தரிப்பதில்லை. இப்பொழுதோ இன்சுலின் கைவந்துவிட்டது. நாள்தோறும் அதனை ஊசிமூலஞ் செலுத்தி, கொழுப்பற்ற இறைச்சியும் சீனியும் ஊட்டிவந்தால் நாய் நெடுங்காலம் வாழும் என எதிர்பார்த்ததிற் பிழையில்லை. அவ்வாறே அவை சில காலம் வாழவுஞ் செய்தன. பின்னர் உணவை வெறுத்தன, மெலிந்தன, மடிந்தன. உடலை அறுத்துப் பார்த்தபோது ஈரல் பெருத்து, மஞ்சள் நிறங்கொண்டு, கொழுப்பினால் நிறைந்து கிடந்தது. மக்கிளவுட்டின் குழுவினர் ரொறன்ரோவிலும், பிஷர் என்பார் அமெரிக்காவிலும் 1924 இல் இதனைத் தனித்தனியே வெளியிட்டனர்.

உண்ணக் கொடுத்தது கொழுப்பற்ற இறைச்சி. அவ்வாறிருக்க ஈரலிற் கொழுப்பு வந்தது எவ்வாறு? இன்சுலினால் உயிர்பிழைத்த சிறுவர்களுக்கும் ஒருநாள் இக்கதி நேருமோ? இரண்டாவது வினா முதலாவதிலும் கொடியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சதையி இன்சுலினை மட்டும் ஆக்கும் உறுப்பன்று; உணவைச் செரிக்கும் நொதியங்களையும் குடலுக்குள் அனுப்புவது. அந்நொதியங்கள் இல்லாமையே நோய்க்குக் காரணமாகலாம் எனக் கருதி, நாய்களின் உணவிற் பச்சைச் சதையியைச் சேர்த்தனர். ஈரல் தேறியது, நாய்கள் உயிர் பிழைத்தன. ஆனால், பச்சைச் சதையியில் இருப்பவை பல. அவற்றுள் எது மருந்து?

மக்கிளவுட் 1928 இல் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பினார். மறு ஆண்டு அவர் வகித்த உடற்றொழிலியற் பேராசிரியர் பதவி பெஸ்ற்றுக்குக் கிடைத்தது. பரிசு பெறாதவர் முப்பது வயதிற் பேராசிரியரானார் என்பதைக் காட்டிலும், பரிசு பெற்ற கண்டுபிடிப்பின் பின்னே கிடந்த சிக்கலை அவர் கையிலெடுத்தார் என்பதே இங்கு வேண்டப்படுவது. அவருடைய துணைவர்களுள் ஒருவரான ஹேர்ஷி, சதையிக்குப் பதிலாக முட்டை மஞ்சட்கருவிலிருந்து பெற்ற லெசிதினைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் ஈரலைக் காத்தது. லெசிதின் கொழுப்பமிலம், கிளிசரோல், பொசுபரசு, கோலின் ஆகியவை இணைந்த பொருள். 1932 இல் பெஸ்ற்றும் ஹன்ற்ஸ்மனும் அதன் பகுதிகளை வேறுபிரித்து, கொழுப்பு மிகுந்த உணவு உண்ட எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தனர். பயன் தந்தது கோலின் ஒன்றே.

கோலின் புதிய பொருளன்று. ஸ்ற்றெக்கர் என்னும் ஜெர்மானிய இரசாயனர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதனைப் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்து, பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயருமிட்டார். ஆயினும், அது உணவில் இல்லாவிடின் ஈரல் கெடும் என்பதை அதுவரை ஒருவரும் எண்ணிப் பார்த்திலர்.

ஈரல் கொழுப்பைச் சேமித்து வைக்கும் இடமன்று. வரும் கொழுப்பைச் சிறு துணிக்கைகளாகக் கட்டி, இரத்தத்தின் வழியே ஏனைய உறுப்புகளுக்கு அனுப்பிவிடுவது அதன் வேலை. அத்துணிக்கைகளின் மேலுறை ஆவதற்கு லெசிதின் வேண்டும். லெசிதின் ஆவதற்குக் கோலின் வேண்டும். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, வண்டியும் நிற்கிறது, சாக்கு மட்டும் இல்லை என்றால் நெல் அங்கேதான் கிடந்து பழுதாகும். கோலின் அற்ற ஈரலின் நிலை அதுவே. துணிக்கைகளைப் பற்றிய இவ்விளக்கம் பின்னாளில் வந்தது. எனினும், ஈரலிற் கொழுப்புத் தேங்குவது மிகுதியாக வருவதனால் மட்டுமன்று, வெளியேற வழியின்மையாலும் நேரும் என்பதை 1932 ஆம் ஆண்டின் எலிகளே கற்பித்துவிட்டன.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. இறைச்சியிலும் கோலின் உண்டு. அதனை வயிறார உண்ட நாய்க்குக் குறை ஏன் வந்தது? சிக்காகோவின் டிராக்ஸ்ரெட், சதையியில் இன்சுலினையன்றி மற்றோர் ஓமோனும் இருப்பதாக 1936 இல் அறிவித்து, அதற்கு லிப்போகேயிக் எனப் பெயரும் வைத்தார். விடையோ வேறு திசையிலிருந்து வந்தது. புரதத்திலுள்ள மெதியோனின் என்னும் அமினோ அமிலமும் கொழுப்பேறிய ஈரலைக் குணப்படுத்தும் என 1937 இல் தக்கரும் எக்ஸ்ரைனும் காட்டினர். உடல் தனக்கு வேண்டிய கோலினை ஆக்குவதற்கு மெதியோனின் ஒரு கூற்றைத் தருகிறது என்பதை டு விக்னோ, பார ஐதரசனை அடையாளமாக இட்டு நிறுவினார். சதையியின் நொதியங்கள் இன்றேல் இறைச்சிப் புரதம் சரிவரச் சிதைவதில்லை. சிதையாத புரதத்திலிருந்து மெதியோனின் வெளிவருவதில்லை. உணவுக்கு நடுவே நாய் பட்டினி கிடந்தது. நொதியங்கள் இல்லாமையே காரணம் என்று தொடக்கத்திற் கொண்ட எண்ணம், பெருஞ்சுற்றுச் சுற்றியபின் பெரிதும் மெய்யாயிற்று. இரண்டாவது ஓமோன் நிலைபெறவில்லை. மனிதரின் நீரிழிவிற் சதையியின் செரிமானப் பகுதி பெரும்பாலும் எஞ்சியிருத்தலால், சிறுவர்களைப் பற்றிய அச்சமும் அகன்றது.

இதுவரை வெற்றியின் வரலாறு. இனி வருவது அத்துணை எளிதன்று.

மது அருந்துவோரின் ஈரல் கெடுவது மருத்துவர் நெடுங்காலமாய் அறிந்த செய்தி. கோலினின் வலிமையைக் கண்ட பெஸ்ற், மதுசாரத்தின் தீங்கும் உண்மையில் உணவுக் குறைவின் தீங்கோ எனக் கேட்டார். 1949 இல் அவரும் துணைவர்களும் ஒரு கூட்ட எலிகளுக்கு மதுசாரங் கலந்த நீரையும், மற்றொரு கூட்டத்துக்கு அதே அளவு கலோரி தரும் சீனியையும் கொடுத்தனர். இரு கூட்டத்தின் ஈரல்களிலும் கொழுப்பேறியது. கோலினோ மெதியோனினோ போதியளவு சேர்த்தபோது இரண்டும் தப்பின. ஆதலால், ஈரலைப் பொறுத்தவரை மதுசாரம் சீனியிலும் கொடிய நஞ்சன்று என்னும் முடிவை அவர்கள் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர்.

பெஸ்ற்றின் பெயருக்கு இருந்த மதிப்பு இம்முடிவுக்குந் துணைநின்றது. குடியரின் ஈரற்சிதைவு சத்துக்குறைவின் விளைவே என்று பலரும் கற்பித்தனர். நோயாளருக்குக் கோலின் கொடுத்துப் பார்த்தனர். எலிகளிற் கண்ட பயன் மனிதரிடம் தோன்றவில்லை. நியூயோர்க்கிற் பணியாற்றிய சாள்ஸ் லீபர், நல்லுணவு உண்ட தன்னார்வலருக்கும் மதுசாரத்தினால் ஈரலிற் கொழுப்பேறுவதை 1960 களிற் காட்டினார். 1974 இல் அவரும் ரூபினும், சத்துள்ள உணவோடு மதுசாரமுங் கொடுக்கப்பட்ட பபூன் குரங்குகள் சிலவற்றுக்கு ஈரற்சிதைவே வந்ததை வெளியிட்டனர். மதுசாரம் தன்னளவிலேயே நஞ்சு. பெஸ்ற்றின் முடிவிற் பாதி வீழ்ந்தது.

வீழ்ந்த பாதியைப் பற்றியே பேச்சு நடந்தது. மற்றப் பாதியை மறந்தனர். சீனி உண்ட எலிகளின் ஈரலும் கெட்டதன்றோ?

1980 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக்கும் துணைவர்களும் இருபது நோயாளரைப் பற்றி எழுதினர். அவர்களின் ஈரற்றுண்டுகளை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் குடியரின் ஈரலாகவே தோன்றும், அவர்களோ குடியரல்லர். பெரும்பாலோர் பருத்த உடலினர், பெண்களே மிகுதி. இத்தகையோர் குடிப்பதில்லை எனச் சொன்னபோது வைத்தியர்கள் ஐயுற்றதுண்டு. பொய்யர் என எண்ணியதுமுண்டு. ஒரு நோய்க்குப் பெயர் இல்லாதபோது பழி நோயாளர் மேலேயே விழுகிறது. லுட்விக், மதுசாரஞ் சாராத கொழுப்பீரல் அழற்சி என்னும் பொருளுடைய பெயரை அந்நோய்க்கு அளித்தார்.

அதன் வேரும் இன்சுலினிலேயே சென்று முட்டியது. நீரிழிவுக்காரருட் சிலரின் உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை என்பதை இலண்டனில் ஹிம்ஸ்வேர்த் 1936 இலேயே கூறியிருந்தார். அவ்வாறு இணங்காத உடலிற் கொழுப்பிழையம் தன் கொழுப்பைக் கட்டுக்கடங்காது இரத்தத்தில் விடும். ஈரலும் சீனியைக் கொழுப்பாக்கிக்கொண்டேயிருக்கும். 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கொழுப்பீரல் நோயாளர் சிலரில், அக்கொழுப்பின் மூலத்தை அடையாளமிட்ட அணுக்களால் அளந்தது. ஏறக்குறைய 59 வீதம் இரத்தத்தில் வந்த கொழுப்பமிலங்களிலிருந்தும், 26 வீதம் ஈரல் தானே ஆக்கியதிலிருந்தும் வந்தன. உணவுக் கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 வீதமே. எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் மட்டும் குற்றஞ்சாட்டி, சீனியையும் சோற்றையும் விட்டுவிடுவது சரியன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. இலங்கையில், ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையுள்ளோரிடையே 2007 இல் நடந்த ஆய்வில், மூவரில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது.

பெஸ்ற் 1978 இற் காலமானார். லுட்விக்கின் இருபது நோயாளரைப் பற்றி அவர் படித்தாரில்லை. கோலின் இன்றியமையா உணவுச்சத்து என அமெரிக்க மருத்துவக் கழகம் ஏற்று, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 550, பெண்களுக்கு 425 மில்லிகிராம் என அளவு வகுத்தது 1998 இல். 2023 இற் பல நாட்டு ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடி, மதுசாரம் என்னும் சொல்லையே விலக்கி, அனுசேபக் கோளாற்றைச் சுட்டும் புதிய பெயரை அந்நோய்க்கு இட்டன. அத்துடன், அனுசேபக் கோளாறும் அளவுமீறிய மதுவும் ஒருங்கே உடையோருக்கென நடுவில் மற்றொரு பிரிவையும் வகுத்தன.