பிரேக் பெடல் ஏன் கல்லாகிறது? - ஒரு சின்ன வரலாறு

படிப்பது பி.காம். எழுதப் போவது பிரேக் பற்றி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போன மாதம் பெரியப்பாவோடு ஏற்காடு போயிருந்தோம். திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஆரம்பித்ததும் பெரியப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை அணைத்தார். "இறக்கத்துல வண்டி தானா போகும்டா. பெட்ரோலை எதுக்குக் கொளுத்தணும்?" என்றார். சின்ன வயதில் ஒரு முதலாளியின் பழைய அம்பாசடரை வருடக்கணக்கில் ஓட்டியவர். இந்தக் காரை வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்தது. இரண்டாவதில் பெடல் கொஞ்சம் இறுகியது. மூன்றாவதில் கல்! ஸ்டீயரிங்கும் கனத்துவிட்டது. பெரியப்பா இரண்டு காலையும் வைத்து மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, தடுப்புச் சுவருக்குச் சில அடி முன்னால் வண்டியை நிறுத்தினார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

சேலத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரேக்ல ஒண்ணும் கோளாறு இல்லை சார். இன்ஜினை ஆஃப் பண்ணீங்க பாருங்க, அதான் கோளாறு."

இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். கேள்வி என்னை நூறு வருடம் பின்னால் கொண்டு போய்விட்டது.

ஆரம்ப காலக் கார்களில் பிரேக் என்பது ஓட்டுநரின் கால் பலம் மட்டுமே. மிதிக்கும் விசை கம்பி, கோல் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். அதுவும் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும். கார் கனமானது, வேகம் கூடியது, கால் மட்டும் அதே கால்தான். 1919-இல் ஹிஸ்பானோ-சூயிசா நிறுவனம் தன் எச்6 காரில் ஒரு புது வழி செய்தது. ஓடும் வண்டியின் கியர்பாக்ஸிலிருந்தே விசையை எடுத்து பிரேக்குக்கு உதவ வைத்தார் அதன் பொறியாளர் மார்க் பிர்கிட். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமே அந்த முறையை உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் முறையைக் கண்டுபிடித்தார். 1921-இல் டியூசன்பெர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் அந்த ஹைட்ராலிக் பிரேக் வந்தது. இன்று நாம் பிரேக் ஆயில் ஊற்றுவது அந்த வழியில்தான்.

மூன்றாவது யோசனைதான் நம் கதைக்கு முக்கியம். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் காற்றுக் குழாயில் வேக்குவம், அதாவது வெற்றிடம், உண்டாகிறது. சும்மா கிடக்கும் அதை ஏன் பயன்படுத்தக் கூடாது? 1920களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டிவான்ட்ர் இதைச் செய்தார். 1928-இல் அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ கார்களில் வேக்குவம் பிரேக் வந்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. பெடலுக்கு முன்னால் ஒரு வட்டமான தகர டப்பா, நடுவில் ரப்பர் திரை. இரண்டு பக்கமும் வேக்குவம். பெடலை மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். இதுதான் பூஸ்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன் (காமர்ஸ் புத்தி!). 9 அங்குல விட்டமுள்ள திரையின் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ. வேக்குவம் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே சுமார் 270 கிலோ விசை. நம் காலுக்குப் பக்கத்தில் நாலு பேர் ஏறி நிற்கிற மாதிரி!

முதலில் இது பணக்காரர் கார்களின் சொகுசு. டிஸ்க் பிரேக் வந்ததும் நிலைமை மாறியது. டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஒரு ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஜாகுவார் சி-டைப் 1953-இல் டிஸ்க் பிரேக்கோடு லெ மான் பந்தயத்தை வென்றது. அதன் பிறகு சாதாரணக் கார்களுக்கும் டிஸ்க் பரவ, பூஸ்டரும் கூடவே அவசியமானது.

இப்போது பெரியப்பாவுக்கு வருவோம். அவர் ஓட்டிய பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம், பூஸ்டர் கிடையாது. இன்ஜின் ஓடினாலும் அணைத்தாலும் பெடல் ஒரே மாதிரிதான் இருக்கும். புதுக் காரில் இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். சரியாக மூன்றாவது வளைவு!

இன்ஜின் ஓடும்போதே பெடல் கல்லாக இருந்தால் அது நிஜக் கோளாறு. மெக்கானிக் காட்டிய சோதனை:

1. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

2. இறங்கவில்லையா? இன்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு அடைத்திருக்கலாம். இவை மலிவான பொருட்கள், முதலில் இவற்றைப் பாருங்கள்.

3. மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று விடாமல் சத்தம் வந்தால் திரை கிழிந்திருக்கலாம். பூஸ்டரையே மாற்ற வேண்டும்.

4. டீசல் இன்ஜினில் போதிய வேக்குவம் உண்டாகாது. அதற்குத் தனி பம்ப் உண்டு, அதையும் பார்க்க வேண்டும்.

5. இவையெல்லாம் சரியாக இருந்தும் பெடல் கடினமா? காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கலாம், சக்கரத்தின் பிரேக் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். மிதிக்க முடிகிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேடு கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம்.

இவற்றில் எதுவானாலும் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக லாப நஷ்டக் கணக்கு. கார்புரேட்டர் காலத்தில் இறக்கத்தில் இன்ஜினை அணைத்தால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமானது உண்மை. இன்றைய கார்களில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டாலே இறக்கத்தில் பெட்ரோல் பாய்வது தானாக நின்றுவிடும். இன்ஜினும் சுற்றிக்கொண்டே இருக்கும், வேக்குவமும் கிடைக்கும், இன்ஜினே வேகத்தையும் மட்டுப்படுத்தும். ஆக, பெரியப்பா மிச்சம் பிடித்தது பூஜ்யம். பணயம் வைத்தது நான்கு உயிர்கள்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த வண்டியில அது சரிதான்டா" என்றார். உண்மைதான். பழக்கம் தப்பில்லை, வண்டி மாறிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் இதைப் படித்துக் காட்டுங்கள்.