இடம் மாறிய ஒரு சொல்

1950 டிசம்பரில் அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிகாகோவில் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘ஸ்டூடண்ட் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1975-ல், அதே சங்கம் ‘அமெரிக்கன் மெடிக்கல் ஸ்டூடண்ட் அசோசியேஷன்’ ஆனது. சொற்கள் அதே நான்குதான். ‘ஸ்டூடண்ட்’ என்ற ஒரு சொல் மட்டும் முன்வரிசையிலிருந்து எழுந்து நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் பெயரில் அமெரிக்க மருத்துவச் சங்கம் என்ற பெரியவர்களின் சங்கம் முழுசாக இருக்கிறது, மாணவர் என்பது அதன் முன்னால் கட்டிவிட்ட அடைமொழி. இரண்டாவது பெயரிலோ மாணவர்களை எடுத்துவிட்டால் சங்கமே இல்லை. மாணவர் அணி என்றதும் கொடி கட்டுவதும் கூட்டம் சேர்ப்பதும் பெரியவர்கள் பேசும்போது கை தட்டுவதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். தொழில் சார்ந்த சங்கங்களும் மாணவர் பிரிவைப் பெரும்பாலும் அந்த நினைப்போடுதான் தொடங்குகின்றன: நாளைய உறுப்பினர்களை இன்றே பிடித்து வைக்கும் நாற்றங்கால். ஆனால் அமெரிக்க மருத்துவர்களின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. மாணவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூட்டம், ஒரு பத்திரிகை, ஒரு பணப்பை, ஒரு வாக்கு இவற்றில் எதைக் கொடுத்தாலும், கொடுத்தவர்கள் நினைத்த வேலையோடு அது நிற்பதில்லை. பிழைப்பு குறுக்கே நிற்பதால் மூத்தவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள் அந்த வழியாகத்தான் சங்கத்துக்குள் வந்து சேர்கின்றன.

அந்த 1950-ம் ஆண்டின் சூழலைத் தெரிந்துகொள்ளாமல் இது புரியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் தொடங்கிய பழைய அமைப்பு. 1950களில் நாட்டின் மருத்துவர்களில் நான்கில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டார். 1948 தேர்தலில் அவர் வென்றதும் சங்கம் கலங்கிப்போனது. உறுப்பினர் ஒவ்வொருவரும் 25 டாலர் தரவேண்டும் என்று தீர்மானம் போட்டு, கலிஃபோர்னியாவின் விட்டேக்கர்–பேக்ஸ்டர் தம்பதியின் விளம்பர நிறுவனத்தை அமர்த்திப் பெரும் பிரசாரத்தில் இறங்கியது. 1949-ல் மட்டும் சுமார் 15 லட்சம் டாலர் செலவானது. அந்தப் பிரசாரத்தின் முகமாக இருந்தது ஓர் ஓவியம்: ஆங்கிலேய ஓவியர் லூக் ஃபில்டிஸ் 1891-ல் தீட்டிய ‘மருத்துவர்’. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் ஒரு நோயாளிக் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறார்கள். மருத்துவர் மோவாயில் கை வைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அரையிருட்டில் தாய் மேசையில் முகம் புதைத்திருக்கிறாள், தகப்பன் அவள் தோளில் கை வைத்து நிற்கிறான். இந்தப் படத்துக்குள் அரசியலை நுழைய விடாதீர்கள் என்ற வேண்டுகோளோடு அது நாடெங்கும் மருத்துவர்களின் வரவேற்பறைச் சுவர்களில் ஒட்டப்பட்டது. அந்த ஏழைக் குடும்பம் மருத்துவருக்கு எதைக் கொடுத்துக் கடன் தீர்த்திருக்கும் என்ற கேள்வியைச் சுவரொட்டி கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களில் கணிசமானோர் இளைஞர்கள். 1930களில் பல மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களுக்குத் தங்க அறையும் சாப்பாடும் சலவையும் கொடுத்துவிட்டுச் சம்பளம் என்று எதுவும் கொடுக்காமல் இரவுபகலாக வேலை வாங்கின. அந்தக் கொதிப்பில் பிறந்த பயிற்சி மருத்துவர் அமைப்பும் மருத்துவ மாணவர் அமைப்பும் 1941-ல் ஒன்றாகி, ‘ஏய்ம்ஸ்’ என்ற சுருக்கப் பெயரோடு ஒரே சங்கமாயின. (நம் நாட்டின் ஏய்ம்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தேசிய மருத்துவக் காப்பீட்டை அது ஆதரித்தது, கல்லூரிச் சேர்க்கையில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்தது. பனிப்போர் தொடங்கியதும் அதன்மேல் கம்யூனிஸ்ட் முத்திரை விழுந்தது. அந்தக் காலத்தில் அந்த முத்திரை விழுந்தால் மருத்துவமனையில் இடம் கிடைப்பதே சந்தேகம். சில ஆண்டுகளில் சங்கம் கரைந்து மறைந்தது. பெரியவர்களின் ஆசியோடு 1950-ல் எழுந்த புதிய மாணவர் சங்கம் அதற்கு மாற்றாகத்தான் வந்தது. காப்பீட்டுத் திட்டத்தை எதிர்க்கும் ஒரு சங்கம், அதை ஆதரிக்கும் மாணவர் அமைப்பின் இடத்தில் தனக்கு இணக்கமான மாணவர் அமைப்பு ஒன்றை வைக்க நினைத்ததில் வியப்பில்லை.

தொடக்கத்தில் புதிய சங்கம் சொன்னபடியேதான் நடந்தது. கல்லூரிக்கு ஒரு கிளை, ஆண்டுக்கு ஒரு மாநாடு, உறுப்பினர்களுக்கு மலிவான ஆயுள் காப்பீடு, 1952 முதல் சொந்தமாக ஒரு பத்திரிகை. பின்னாளில் ‘தி நியூ ஃபிசிஷியன்’ என்று பெயர் பெற்ற பத்திரிகை அது. புரட்சி எதுவும் இவற்றில் இல்லை. என் பார்வையில் முக்கியமானவை இந்தச் சாதாரண ஏற்பாடுகள்தான். தீர்மானம் எழுதுவது எப்படி, அதற்குத் திருத்தம் கொண்டுவருவது எப்படி, ஊர் ஊராக இருக்கும் கிளைகளிடம் கருத்துக் கேட்பது எப்படி, அச்சகத்துக்கு நேரத்தில் பக்கம் அனுப்புவது எப்படி என்று ஆண்டுதோறும் ஒரு புதிய தலைமுறை பழகிக்கொண்டே வந்தது. பழகிய கை சும்மா இருக்காது. 1960களில் நாடு கொந்தளித்தபோது இந்த மாணவர்களிடம் முன்பே ஒரு மேடை தயாராக இருந்தது. மருத்துவ வசதி எட்டாத மக்கள், வறுமை, பாடத்திட்டத்தின் போதாமை என்று பேச்சு திசைமாறியது. 1968-ல் சங்கம் தாய்ச் சங்கத்தின் பிடியிலிருந்து முழுவதுமாக வெளியே வந்து தனித்து நின்றது. அடுத்த ஆண்டிலிருந்து அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஏழை ஊர்களுக்குக் கோடை விடுமுறையில் மாணவர்களை அனுப்பத் தொடங்கியது. பெயர் மாற்றம் அதற்குப் பிறகு வந்ததுதான். சொல் இடம் மாறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள்.

இதில் சங்க அமைப்பின் பங்கு என்ன, எல்லாம் அந்தக் காலத்தின் வேகம்தானே என்று கேட்கலாம். வியட்நாம் போரும் குடிமை உரிமைப் போராட்டமும் ஒரு பல்கலைக்கழகத்தையும் விட்டுவைக்கவில்லை, மருத்துவ மாணவர்கள் மட்டும் எப்படி ஒதுங்கியிருப்பார்கள்? வலுவான கேள்வி இது, பாதி உண்மையும்கூட. ஆனால் அதே காலத்தில் அதே வேகத்தோடு பிறந்த இன்னொரு அமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1965-ல் லாஸ் ஏஞ்சலிஸில் சில மருத்துவ மாணவர்கள் ‘ஸ்டூடண்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1966 கோடையில் கலிஃபோர்னியாவிலும், அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸிலும் சிகாகோவிலும் ஏழைகள் வாழும் பகுதிகளுக்குப் போய் அவர்களோடு வேலை செய்தார்கள். துணிச்சலிலும் சிந்தனையிலும் பழைய மாணவர் சங்கத்தைவிட இவர்கள் பல அடி முன்னே இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தலைமை என்று ஒன்று இருப்பதையே சந்தேகத்தோடு பார்த்த இயக்கம் அது, சந்தாவும் கிடையாது. முதல் தலைமுறை படிப்பை முடித்துப் போனதும் 1970-ஐ ஒட்டி அது கலைந்துவிட்டது. காலத்தின் வேகம் இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. இருந்தும் அந்த வேகத்தை அடுத்த பத்தாண்டுக்கும் அதற்கடுத்த பத்தாண்டுக்கும் கடத்தியது, பெரியவர்கள் தங்கள் வசதிக்காகக் கட்டிக்கொடுத்த கூட்டுக்குள் வளர்ந்த சங்கம்தான்.

உள்ளேயே விடப்படாதவர்களின் கதையையும் சேர்க்காவிட்டால் இந்த வாதம் நேர்மையானதாக இருக்காது. தென்மாநிலங்களின் உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் கறுப்பின மருத்துவர்களைச் சேர்க்க மறுத்தன. உள்ளூர்ச் சங்கத்தில் இல்லாதவருக்குத் தேசியச் சங்கத்திலும் இடமில்லை. அதனால் கறுப்பின மருத்துவர்கள் 1895-ல் அட்லாண்டாவில் தங்களுக்கென ‘நேஷனல் மெடிக்கல் அசோசியேஷன்’ அமைத்துக்கொண்டார்கள். 1964-ல் ஹோவர்ட், மெஹாரி கல்லூரிகளின் மாணவர்கள் தொடங்கிய மாணவர் அமைப்பு அந்தச் சங்கத்தின் துணையோடு வளர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் பழைய புறக்கணிப்புக்காகக் கறுப்பின மருத்துவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2008-ல். ஒரு முழு நூற்றாண்டின் கணக்கு அது. தாய்ச் சங்கத்தின் கதவே மூடியிருக்கும்போது உள்ளே மாணவர் பிரிவு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பொருளில்லை.

மாணவர்களுக்குத் தொழில் தெரியாது, நான்கு ஆண்டில் போய்விடுபவர்களுக்குத் தொழிலின் கொள்கையில் என்ன உரிமை என்பது மூத்தவர்கள் எப்போதும் சொல்வது. மருத்துவமனை நடத்துவதன் சிரமமும் வழக்குக்குப் பயந்து வாழ்வதன் வலியும் இருபத்திரண்டு வயதில் தெரியாதுதான். ஆனால் சில விஷயங்கள் அந்த வயதில் மட்டுமே கண்ணில் படும். வேலைநேரத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சி மருத்துவர்கள் ஒன்றரை நாள் தூங்காமல் நோயாளிகளைப் பார்ப்பது பல தலைமுறைகளாகத் தொழிலின் வீரக்கதையாகவே சொல்லப்பட்டது. அதைத் தாண்டி வந்த மூத்தவருக்கு அது பெருமை, அடுத்து அதற்குள் நுழையப்போகும் மாணவருக்கோ அது ஆபத்து. 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தபோது அசதியுற்ற பயிற்சி மருத்துவர்களின் நிலை வழக்காக வெடித்தது. அந்த மாநிலம் 1989-ல் வேலைநேரத்துக்கு வரம்பு கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் வரம்பு வேண்டும் என்று 2001-ல் மத்திய அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் மனுக் கொடுத்தவர்களில் இந்த மாணவர் சங்கமும் ஒன்று. 2003 ஜூலை முதல் பயிற்சியை மேற்பார்வையிடும் அமைப்பு வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 80 மணி நேரமே கொடுமை என்பது வேறு விஷயம், அதற்கு முன்பு நாடு முழுவதற்குமான பொது வரம்பு எதுவும் இல்லை.

மருந்து நிறுவனங்களின் கதையும் இதே மாதிரி. கல்லூரியில் சேர்ந்ததுமே மாணவருக்கு இலவச ஸ்டெதாஸ்கோப், கைப்பை, பிறகு மதியச் சாப்பாடு, பேனா, பயணம் என்று ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. தொழிலில் இருபது ஆண்டு இருந்தவருக்கு அது காற்றைப் போலப் பழகிப்போனது. இப்போதுதான் உள்ளே வருபவருக்கு உறுத்தும். மாணவர் சங்கம் 2002-ல் நிறுவனங்களிடம் எதையும் வாங்க மாட்டோம் என்ற உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கி, பின்னர் மருத்துவக் கல்லூரிகளுக்கே இந்த விஷயத்தில் மதிப்பெண் போட்டது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அதில் தோல்வி மதிப்பெண் வாங்கியது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. 2010-ல் அந்தக் கல்லூரி தன் விதிகளை இறுக்கியது. தொழிலில் வேர்விடாதவர்கள் என்பதை மாணவர்களின் குறையாகச் சொல்கிறார்கள். அந்த வேர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று பார்க்க வேர்விடாதவரால்தான் முடிந்தது.

இதற்கிடையே தாய்ச் சங்கம் சும்மா இருக்கவில்லை. மாணவர்கள் கையைவிட்டுப் போனதைப் பார்த்து, 1970களில் தனக்குள்ளேயே புதிதாக ஒரு மாணவர் பிரிவை அமைத்தது. இந்த முறை விதிகள் வேறு. மாணவர் பிரிவுக்குச் சொந்தமாக ஒரு பேரவை உண்டு, அங்கே நிறைவேறும் தீர்மானங்கள் சங்கத்தின் பிரதிநிதிகள் அவைக்குப் போகும், அவையில் மாணவப் பிரதிநிதிகளுக்கு வாக்கு உண்டு, இன்று அறங்காவலர் குழுவில்கூட ஒரு மாணவருக்கு இடம் உண்டு. இது மாணவர்களை அணைத்து அடக்கும் தந்திரம் என்று வெளியே நின்றவர்கள் சொன்னார்கள். கோபத்தோடு வரும் இளைஞனுக்கு ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு நிகழ்ச்சிநிரலும் கொடுத்தால் கோபம் குறிப்பேட்டுக்குள் அடங்கிவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. மாணவர் பிரிவில் எழுந்த பல தீர்மானங்கள் ‘ஆய்வுக்கு அனுப்பப்படுகிறது’ என்ற வரியோடு முடிந்துபோயின. வெளியே சுதந்திரமாக நின்ற சங்கத்துக்குக் குரல் இருந்தது, வாக்கு இல்லை. உள்ளே இருந்த பிரிவுக்கு வாக்கு இருந்தது, குரல் அடங்கியே ஒலித்தது. எது மேல் என்று கேட்டால் நான் உள்ளே இருப்பதன் பக்கம்தான் நிற்பேன், ஆனால் வெளியே ஒன்று இருந்தால் மட்டும். வெளியே போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் உள்ளே இருப்பவரின் சொல்லுக்கு எடை வருகிறது. 1968-ல் மாணவர்கள் விலகிப் போகாமல் இருந்திருந்தால் 1970களின் அந்த விதிகள் இவ்வளவு தாராளமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

உள்ளே இருந்த அந்த வாக்குக்குப் பெரிய சோதனை 2019 ஜூனில் சிகாகோவில் வந்தது. அதற்குள் தாய்ச் சங்கமும் பழைய சங்கமாக இல்லை. நாட்டின் மருத்துவர்களில் சிறு பகுதியே அதில் இருந்தார்கள், இருந்தவர்களில் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் பெரும் எண்ணிக்கை. அரசே ஒற்றைக் காப்பீட்டாளராக இருக்கும் முறையைச் சங்கம் எதிர்க்கிறது என்ற பழைய கொள்கை வரியை நீக்கிவிட வேண்டும் என்று மாணவர் பிரிவு தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரியுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, எதிர்ப்பதை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டார்கள். ட்ரூமனின் திட்டத்தை முறியடிக்க 25 டாலர் வசூலித்த சங்கம் அது. அந்தத் திட்டத்தை ஆதரித்த மாணவர்களுக்கு மாற்றாக ஒரு மாணவர் அமைப்பையே வளர்த்துவிட்ட சங்கம் அது. கூட்டம் நடந்த இடத்துக்கு வெளியே செவிலியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் அதே கோரிக்கையோடு பதாகை பிடித்து நின்றார்கள். அவைக்குள் வாக்கு எண்ணப்பட்டது. பழைய கொள்கை 53-க்கு 47 சதவீதம் என்ற கணக்கில் தப்பியது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், அரசுக் காப்பீட்டை எதிர்க்கக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து அமைத்திருந்த கூட்டணியிலிருந்து சங்கம் விலகிக்கொண்டது. அன்று அவையில் கை தூக்கிய மாணவர்கள் இப்போது படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவர்களாகவும் இளம் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். அதே அவையில் அவர்களுக்கான இருக்கைகளும் வேறு வரிசைகளில் இருக்கின்றன.