இம்மானுவேல்: ஒரு பெயரின் வழித்தடம்

இம்மானுவேல், சாமுவேல், மிகாவேல் ஆகிய பெயர்களின் ஈற்றில் நிற்பது முருகனின் வேல் அன்று. எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் 'ஏல்' என்ற சொல் அது. உயிரோடு உயிர் சேரும் இடத்தில் உடம்படுமெய் தோன்றுவது தமிழ் மரபு. இகரத்தின் பின் யகரம் வர, தானியேல், கபிரியேல் என்றானது. உகரத்தின் பின் வகரம் வர, சாமுவேல், இம்மானுவேல் என்றானது.

மீதியைப் பிரித்தால், 'இம்' என்பதற்கு 'உடன்' என்று பொருள். அதை ஒட்டிய விகுதி தன்மைப் பன்மையைக் குறிக்கும். ஆக, 'கடவுள் நம்மோடு' என்பதே பெயர். வினைச்சொல் இல்லாமலே நிறைவு பெறும் இத்தகைய தொடர் எபிரேயத்துக்கும் இயல்பு, தமிழுக்கும் இயல்பு. இருந்தார், இருக்கிறார், இருப்பார் என்று மூன்று காலமும் அதில் அடங்கும்.

இந்தப் பெயர் முதலில் ஒலித்தது ஏறத்தாழ கி.மு. 734இல், போர் அச்சம் சூழ்ந்த எருசலேமில். ஆராம் அரசனும் வட இஸ்ரவேல் அரசனும் கைகோத்து யூதாவின் மேல் படையெடுத்தார்கள். யூதாவின் அரசன் ஆகாஸ் கலங்கிப்போனான். வண்ணார் துறைக்குப் போகும் வழியில், மேற்குளத்துக் கால்வாயின் முனையில் அவனைச் சந்தித்த இறைவாக்கினர் ஏசாயா, அஞ்சாதே என்றார். பின்பு, பிறக்கப்போகும் ஒரு குழந்தையின் பெயரையே அடையாளமாகத் தந்தார். ஆகாசுக்கு அது போதவில்லை. ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியப் பேரரசனுக்கு அனுப்பி, அவன் துணையை நாடினான். அந்த அசீரியாவே கழுத்தளவு வெள்ளமாக யூதாவுக்குள் பாயும் என்று தம் நூலின் அடுத்த அதிகாரத்தில் ஏசாயா எச்சரிக்கிறார். இம்மானுவேல் என்ற பெயர் மறுபடி வருவது அந்த வெள்ளத்தின் நடுவில்தான். வெள்ளம் வராது என்று இந்தப் பெயர் வாக்களிக்கவில்லை. வெள்ளத்திலும் கடவுள் உடனிருப்பார் என்கிறது.

புதிய ஏற்பாட்டில் இப்பெயர் ஒரே ஒரு முறை, மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வருகிறது. கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு எபிரேய ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே பொருளும் சொல்கிறார். நற்செய்திகளில் யாரும் இயேசுவை இப்பெயரால் கூப்பிடுவதில்லை. ஆனால் மத்தேயு தம் நூலை முடிப்பது, சீடர்களோடு எந்நாளும் இருப்பதாக இயேசு தரும் உறுதிமொழியோடு. தொடக்கத்தில் பெயராக வந்தது முடிவில் வாக்குறுதியாகிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் கடைசி நாட்களில், டிசம்பர் 17 முதல் 23 வரை, கத்தோலிக்கத் திருச்சபையின் மாலைச் செபத்தில் நாளுக்கு ஒன்றாக ஏழு பெயர்களால் மீட்பரை அழைப்பார்கள். ஞானம், தாவீதின் திறவுகோல், விடியல் என்று வளரும் அந்த வரிசையில் ஏழாவது இம்மானுவேல். அந்த ஏழு இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் 'நாளை இருப்பேன்' என்று பொருள்படும் தொடர் கிடைக்கும்.

கிரேக்க நாவில் முதலசை தேய்ந்து மனுவேல் என்ற வடிவம் பிறந்தது. 12ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஒருவர் அப்பெயரைச் சூடியிருந்தார். 1497இல் வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பிய போர்த்துக்கீசிய அரசரும் மனுவேல்தான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் நம் கடற்கரைக்கு வந்தன. விவிலியத் தமிழாக்கங்கள் இம்மானுவேல் என்ற முழு வடிவத்தைத் தந்தன. தீண்டாமையை எதிர்த்துப் போராடி 1957இல் கொல்லப்பட்ட பரமக்குடி இம்மானுவேல் சேகரன் தாங்கியதும் இந்தப் பெயரைத்தான்.

எபிரேயத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இல்லை. தமிழில் பெயர்த்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. 'எங்களோடு' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். அவர்கள் தேர்ந்தது 'நம்' என்பதையே. கேட்பவரையும் அணைத்துக்கொள்ளும் அந்தச் சொல்லில் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இருக்கிறது. துன்பம் தீரும் நாளை எண்ணிக் காத்திருப்பதோடு அது முடிவதில்லை. துன்பப்படுகிறவர் அருகே போய் நிற்பதும் அதில் சேரும். கடவுள் நம்மோடு என்று அறிக்கையிடுகிறவர், அந்த 'நம்'மிலிருந்து ஒருவரையும் விலக்கிவைக்க உரிமையற்றவர். சாதி பார்த்து ஒருவரை ஒதுக்கிவைத்துவிட்டு இம்மானுவேல் என்று பாடினால், பாடுகிற பெயரையே மறுக்கிறோம்.