குவாரனா விதையும் காபிக் கொட்டையும்

1819-இல் ஜெர்மானியக் கவிஞர் கொதே, ஃப்ரீட்லீப் ரூங்கே என்ற இளம் வேதியியலாளரிடம் கொஞ்சம் காபிக் கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறதென்று ஆராய்ந்து பாருங்கள் என்றார். பெல்லடோனாச் சாறு பூனையின் கண்பாவையை விரிய வைப்பதை ரூங்கே செய்து காட்டியிருந்தார். அதைப் பார்த்து வியந்துபோய்க் கொடுத்த பரிசு அது. அந்தக் கொட்டையிலிருந்து ரூங்கே காஃபீனைப் பிரித்தெடுத்தார். 1826-இல் தியோடோர் மார்ட்டியஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர், அமேசான் காட்டிலிருந்து வந்த குவாரனா விதையில் ஒரு படிகப் பொருளைக் கண்டு, அதற்குக் குவாரனின் என்று பெயர் வைத்தார். 1840 வாக்கில் இரண்டும் ஒரே பொருள்தான் என்பது தெளிவாகிவிட்டது.

வேதியியல் எப்போதோ முடித்துவைத்த வழக்கு இது. ஆனால் சந்தையில் இன்னும் முடியவில்லை. காபி என்றால் பழக்கம், நரம்புத் தளர்ச்சி, தூக்கக்கேடு. குவாரனா என்றால் மூலிகை, காட்டுச் செல்வம், இயற்கைச் சக்தி. உடல் எடை குறைக்கும் கேப்சூல், ஜிம் இளைஞர்கள் கலக்கிக் குடிக்கும் பொடி, எனர்ஜி டிரிங்க் என எல்லாவற்றிலும் குவாரனா இந்த நற்பெயரோடுதான் வந்து சேர்கிறது. காபியையும் குவாரனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நற்பெயர் எவ்வளவு தூரம் நிற்கும்?

தாவர உறவில் இரண்டும் வெகுதூரம். காபி, நம் வீட்டு வாசல் இட்லிப்பூவுக்கும் நுணா மரத்துக்கும் உறவு. குவாரனாவோ பூந்திக்கொட்டை, லிச்சி, ரம்புட்டான் குடும்பத்துக் கொடி. நாம் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தான் கீரையும் அதே குடும்பந்தான். பழுத்த குவாரனாவின் சிவப்புத் தோல் வெடித்தால் வெள்ளைச் சதைக்கு நடுவே கறுப்பு விதை தெரியும், அப்படியே ஒரு கண் விழித்துப் பார்ப்பதுபோல. இறந்துபோன பிள்ளையின் கண்ணை மண்ணில் ஊன்றியதால் முளைத்த கொடி என்று அமேசானின் சத்தெரே மாவே மக்கள் கதை சொல்வது சும்மா இல்லை. உறவே இல்லாத இரண்டு செடிகள் தனித்தனி வழியில் போய் ஒரே காஃபீனைச் செய்து வைத்திருக்கின்றன. பூச்சிகளை விரட்ட அது செடிக்கு உதவுகிறது. நம்மை விழித்திருக்க வைப்பது அதன் நோக்கமல்ல.

வேறுபாடு அளவில் தொடங்குகிறது. அராபிகா காபிக் கொட்டையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 முதல் 1.5 சதவீதம், ரோபஸ்டாவில் அதன் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. குவாரனா விதையில் 2 முதல் 6 சதவீதம் வரை போகும். ஒரு கோப்பைக்கு 7 கிராம் அராபிகாத் தூள் போட்டால், அதிலுள்ள காஃபீன் முழுவதும் இறங்கினாலும் 100 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. நம் ஊர் ஃபில்டர் காபியில் சிக்கரி வேறு கலந்திருக்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. குவாரனாத் தூளில் 5 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், 4 சதவீதம் என்று வைத்தாலே 200 மில்லிகிராம். ஆரோக்கியமான ஒருவர் ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளக்கூடியது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வகுத்த அளவு அதுதான். ஒரு நாளுக்கு 400. கருவுற்றவர்களுக்கு நாள் முழுவதற்கும் 200.

தூளைக் கரண்டியால் அள்ளும்போது இந்தக் கணக்கு யார் மனத்திலும் ஓடுவதில்லை. காபியில் கணக்கை நாக்கே போட்டுவிடுகிறது. டிகாஷன் கூடினால் கசக்கும். சூடாக இருப்பதால் ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும். இரண்டு டம்ளருக்கு மேல் வயிறு வேண்டாமென்று சொல்லும். வீட்டில் இருக்கிறவர்களும் ‘இது எத்தனாவது காபி?’ என்று கேட்பார்கள். கேப்சூலுக்கு ருசியும் இல்லை, சூடும் இல்லை, கேட்பாரும் இல்லை.

குவாரனாவுக்கும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கடிவாளங்கள் இருந்தன. 1669-இல் ஜெஸூயிட் பாதிரியார் பெட்டென்டார்ஃப், இதைக் குடித்துவிட்டு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பசியே தெரிவதில்லை என்று எழுதிவைத்தார். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அதை மருந்தாகக் கொள்வதையும் குறித்தார். சத்தெரே மாவே மக்கள் விதையை வறுத்து, ஓடு நீக்கி, இடித்துப் பிசைந்து, கோலாக உருட்டி, புகையில் பல நாள் காய வைப்பார்கள். கல்லாக இறுகிய அந்தக் கோலைப் பிராருக்கு என்ற பெரிய மீனின் எலும்பு நாக்கிலோ சொரசொரப்பான கல்லிலோ தண்ணீர்விட்டுத் தேய்த்து, கலங்கிய நீரைச் சுரைக்குடுவையில் ஊற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். சர்க்கரை கிடையாது, துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். தேய்க்க நேரமாகும், குடுவை எல்லோருக்கும் போக வேண்டும். ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்பதைக் கையும் கூட்டமும் முடிவு செய்தன. இந்தக் குடுவைக்கும் நம் டபரா டம்ளருக்கும் உள்ள தூரம் குறைவு. இந்தக் குடுவைக்கும் அதே விதையின் சாரம் அடைத்த கேப்சூலுக்கும் உள்ள தூரம்தான் அதிகம்.

நடுவில் குளிர்பானம் ஒன்றும் உண்டு. 1905-இல் லூயிஸ் பெரேரா பாரெட்டோ என்ற மருத்துவர் குவாரனாவிலிருந்து பாகு எடுக்கும் முறையைக் கண்டார்; 1921-இல் அந்தார்த்திகா நிறுவனம் குவாரனா சோடாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரேசிலில் இன்று பிள்ளைகள் பிறந்தநாளுக்குக்கூட அதுதான். அந்நாட்டு விதிப்படி அந்தப் பானத்தில் 100 மில்லிக்குக் குறைந்தது 0.02 கிராம் விதை இருந்தால் போதும். அந்தக் குறைந்தபட்ச அளவில் காஃபீன் ஒரு மில்லிகிராமைச் சுற்றித்தான் வரும். பெயரில் இருக்கும் குவாரனா பாட்டிலில் அவ்வளவாக இல்லை. உடல்நலக் கணக்கில் அங்கே பயப்பட வேண்டியது சர்க்கரைக்கு.

குவாரனா விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அது காஃபீனைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகிறது. அதனால் காபிபோல் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்காது என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் இது நன்கு நிறுவப்பட்டதில்லை. காஃபீன் எங்கிருந்து வந்தாலும் குடலில் எளிதில் உறிஞ்சப்படும் பொருள். இரத்தத்தில் சேர்ந்தபின் அது மூளையில் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின்தான் நமக்குச் சோர்வையும் தூக்கத்தையும் உணர்த்துவது. சோர்வு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. இரத்தத்தில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், காபிக்கும் குவாரனாவுக்கும் அதே கணக்கு. கருவுற்ற பிற்பகுதி மாதங்களில் இது 15 மணி நேரம்வரைகூட நீளலாம், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும், புகைப்பவர்களுக்குக் குறையும்.

நன்மைப் பக்கம் காபியின் கை ஓங்கியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பல நாடுகளில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அதற்கு இருக்கின்றன. நாளுக்கு மூன்று நான்கு கோப்பை குடிப்பவர்களிடம் கல்லீரல் நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பார்க்கின்சன் நோய் ஆகியவை குறைவாகத் தெரிகின்றன; 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வும் அந்தத் திசையைத்தான் காட்டியது. இவை கவனிப்பு ஆய்வுகள். காபிதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. காபிக்கும் குறைகள் உண்டு. காகித வடிகட்டியில் இறங்காத காபியில் உள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் கெட்ட கொழுப்பைக் கூட்டும். நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர்களில் காகிதம் இல்லை என்பதைப் பக்கத்தில் குறித்துவைக்கலாம்.

குவாரனாவுக்கு இருப்பவை சிறிய ஆய்வுகள். அவற்றில் ஒன்று உண்மையிலேயே ஆர்வமூட்டுவது. 2000-களில் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், 75 மில்லிகிராம் குவாரனாச் சாரம் கொடுத்தபோது நினைவு, கவனச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. அவ்வளவு சாரத்தில் இருந்த காஃபீன் ஒரு டீயில் இருப்பதைவிடக் குறைவு. அதிக அளவு கொடுத்தபோது பலன் கூடவுமில்லை. காஃபீன் தவிர வேறு ஏதோ வேலை செய்கிறது என்ற ஐயம் நியாயமானது. பிரேசிலில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த பெண்களின் சோர்வு, குவாரனாச் சாரத்தால் தணிந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. மவுவெஸ் குவாரனாவுக்குப் பெயர்போன அமேசான் ஊர். அங்கே தவறாமல் குவாரனா குடிக்கும் முதியவர்களிடம் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் குறைவாக இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த முதியவர்கள் ஆற்றில் மீன் பிடித்து, நடந்து திரிந்து வாழ்கிறவர்கள். அந்தப் பலனை அப்படியே நகரத்துக் கேப்சூலுக்குத் தூக்கிக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆபத்துப் பக்கம் வரும்போது இரண்டும் பிரியும் இடம் தெளிவாகத் தெரிகிறது. காஃபீனால் உயிர் போக வேண்டுமென்றால் பொதுவாக 10 கிராம் அளவு உள்ளே போக வேண்டும் என்பார்கள். காபியாகக் குடித்து அதை எட்ட நூறு கோப்பை வேண்டும். எவராலும் முடியாது. அடர்த்தியாக்கிய வடிவில் முடியும். 2001-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒரு 25 வயதுப் பெண்ணின் மரணத்தைப் பதிவு செய்தது. அவருக்கு இதயத்தில் ஈரிதழ் வால்வு சற்றுத் தளர்ந்திருந்தது. அதைப் பலர் தொந்தரவே இல்லாமல் ஆயுள் முழுக்கச் சுமப்பதுண்டு. அவர் குடித்தது குவாரனா சேர்த்த ஓர் ‘ஆரோக்கிய’ பானம். அதில் லிட்டருக்கு 10 கிராம் காஃபீன் இருந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகி அவர் இறந்தார். பிரேசில் சோடாவின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டால், அதே பெயர் தாங்கிய இரண்டு பானங்களுக்கு இடையே காஃபீனில் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

இன்னொரு ஆபத்து கூட்டுச் சேர்க்கையில் இருக்கிறது. காபியைப் பெரும்பாலும் பாலோடும் சர்க்கரையோடும் சேர்க்கிறோம். குவாரனாவை 1990-களில் அமெரிக்க எடைக்குறைப்பு மாத்திரைகளில் எஃபெட்ரா என்ற சீன மூலிகையோடு சேர்த்தார்கள். எஃபெட்ராவில் உள்ள எஃபெட்ரின் நாளங்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். காஃபீன் அதற்குத் துணை போகும். எடை குறைந்தது உண்மை, கூடவே படபடப்பும் மாரடைப்பும் பக்கவாதமும் பதிவாயின. 2003 பிப்ரவரியில் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் எஃபெட்ரா மாத்திரை எடுத்திருந்த நிலையில் வெப்பத் தாக்குதலால் இறந்தார். 2004-இல் எஃபெட்ரின் கலந்த துணையுணவுகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தடை செய்தது. குவாரனாவைத் தடை செய்யவில்லை. செய்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எடைக்குறைப்புப் பொட்டலங்களில் அது இன்னும் வேறு ஊக்கிகளோடுதான் குடியிருக்கிறது.

மருந்துகளோடு மோதுவதில் காபியும் குவாரனாவும் ஒன்றே. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் காஃபீனின் நெருங்கிய உறவு. இரண்டும் சேர்ந்தால் நடுக்கமும் படபடப்பும் கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பழக்கமான ஆன்டிபயாடிக், காஃபீனைக் கல்லீரல் உடைப்பதைத் தடுத்து உடலில் தேங்கவிடும். மனநோய்க்கான க்ளோசபின் எடுப்பவருக்குக் காஃபீன் கூடினால் மருந்தின் அளவே இரத்தத்தில் ஏறிவிடலாம். காபி குடிக்கிறவருக்கு மருத்துவர் ‘காபியைக் குறையுங்கள்’ என்பார், அவரும் குறைப்பார். குவாரனா எடுப்பவருக்கு அந்த அறிவுரை தனக்கானது என்றே தோன்றாது. நிறுத்தியபின் வரும் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் காரணம் தெரியாமல் அலைவதும் இப்படித்தான்.

லேபிளில்தான் இந்தக் குழப்பம் பிறக்கிறது. காஃபீன் இத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே குவாரனாச் சாரம் இத்தனை என்று தனியாக இன்னொரு வரி இருந்தால், இரண்டாவது வரிக்குள்ளும் காஃபீன் இருப்பது வாங்குபவருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் காஃபீன் பானங்களுக்கு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் என்று எல்லை வைத்தபோது, எந்த மூலத்திலிருந்து வந்தாலும் மொத்தமாகக் கணக்கிட வேண்டும் என்று வைத்தது சரியான முடிவு. ஐரோப்பாவில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போனால் பானத்தில் எச்சரிக்கை வேண்டும். காபி, டீ என்று பெயரிலேயே இருந்தால் அந்த எச்சரிக்கை தேவையில்லை. காபி என்றாலே உள்ளே என்ன என்று ஊருக்குத் தெரியும் என்பது அதன் உட்பொருள்.

இதயத்துக்கான அடினோசின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்பவர்களை, காபி, டீ, கோலா எல்லாவற்றையும் 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சோதனையில் ஏற்றும் அடினோசினைக் காஃபீன் தடுத்துவிட்டால், அடைப்பு இருந்தும் இல்லாததுபோல் படம் வரலாம். காபியை ஒழுங்காக நிறுத்திவிட்டு, காலையில் ‘மூலிகைக் கேப்சூல்தானே’ என்று ஒன்றை விழுங்கிவிட்டு வருகிறவருக்கும் அதே கதிதான். சோதனைக்கு முன் கேட்கும் கேள்விகளில் குவாரனா பெரும்பாலும் இருக்காது. எடுத்துக்கொள்ளும் பொடி, கேப்சூல் எதுவாக இருந்தாலும் டப்பாவோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.