பார்வையாளன் பண்டமாதல்: நிகழ்படச் செயலிகளும் அந்தரங்க உரிமையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொலைபேசியில் இயங்கும் நிகழ்படச் செயலிகள் தம்மைப் பயன்படுத்துவோரின் விவரங்களைத் திரட்டி விளம்பர வணிகத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பது இன்று எவரும் அறிந்த செய்தியே. இதனைச் சில நிறுவனங்களின் ஒழுக்கக்கேடாகவோ, தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவியலாத பக்கவிளைவாகவோ விளக்கிவிடுவது பொதுவழக்காகியுள்ளது. இவ்விரு விளக்கங்களும் போதியனவல்ல என்பதே எமது கருத்தாகும். பார்ப்பவனுக்கும் காட்டுபவனுக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கல் எவ்வாறு மாறிவந்துள்ளதென ஆராய்ந்தாலன்றி, அந்தரங்க உரிமை எவரிடமிருந்து எப்போது நழுவிற்று என்பதை விளங்கிக்கொள்ளல் இயலாது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தையே நாம் பெரிதும் எடுத்துக்கொள்கின்றோம். அந்நாட்டு நிறுவனங்களே இத்துறையில் நீண்டகாலம் முன்னின்றன. பார்வையாளனின் அந்தரங்கம் சட்டப்பிரச்சினையாகி நீதிமன்றங்களில் நுணுகி வாதிக்கப்பட்டதும் அங்கேயே.

1922 ஆகஸ்ட் 28ஆந் திகதி, நியூயோர்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எவ். வானொலி நிலையம், ஜாக்சன் ஹைற்ஸ் பகுதியின் தொடர்மாடி வீடுகளை விளம்பரப்படுத்த விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு ஒலிபரப்பு நேரத்தைக் கட்டணத்துக்கு வழங்கியது. கேட்போர் எதுவும் கொடுக்கவில்லை. ஆயின், கேட்போர் எத்தனைபேர் என்பது தெரியாமல் நேரத்துக்கு விலைகூறுதல் அரிது. ஆதலினாற்றான் 1930இல் ஆச்சிபோல்ட் குறொஸ்லி தொலைபேசிவாயிலாக நேயர்களை விசாரிக்கலானார். ஆதர் நீல்சனின் நிறுவனம் ஓடியோமீற்றர் எனுங் கருவியை 1936இல் தனதாக்கிக்கொண்டு, 1942இல் நாடளாவிய வானொலிக் கணிப்பையும் 1950இல் தொலைக்காட்சிக் கணிப்பையும் தொடக்கிற்று. சம்மதித்த சில குடும்பங்களின் வீடுகளிலேயே கருவி பொருத்தப்பட்டது. அதிலிருந்து முழுத்தேசத்தின் கணக்கும் உய்த்தறியப்பட்டது. எமது நாட்டிலும் 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கிய இலங்கை வானொலி, இந்தியாவெங்கும் நேயர்களைப் பெற்றிருந்தது. பற்பசை நிறுவனமொன்றின் ஆதரவில் 1952இல் ஆரம்பித்த ‘பினாக்கா கீத்மாலா’வின் நேயர்கள், தாமே விரும்பி எழுதிய கடிதங்களாலேயே நிலையத்தாருக்கு அறிமுகமாயினர். எழுதாதவன் அறியப்படாதவனாகவே இருந்தான்.

இவ்வணிகத்தின் அடிப்படையைத் தெளிவுபடுத்தியவர் கனடியப் பொருளியலாளரான டலஸ் ஸ்மைத் ஆவார். விளம்பரத்தை நம்பி வாழும் ஊடகங்கள் உற்பத்திசெய்யும் பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளர் கூட்டமே என்று 1977இல் அவர் எழுதினார். நிகழ்ச்சியோ அக்கூட்டத்தைத் திரட்டுதற்கு இடப்படும் இலவச உணவு போன்றது. மேனாட்டு மார்க்சியர் ஊடகங்களைக் கருத்தியற் சாதனங்களாக மட்டுமே கண்டு, அவற்றின் பொருளாதாரத் தொழிற்பாட்டைக் காணாதுவிட்டனர் என்பது அவரது கண்டனம். ஸ்மைத் கண்ட பண்டம் மொத்தமாக விற்கப்பட்டது. எமது காலத்தில் அது சில்லறையாக விற்கப்படுகின்றது. இவ்வேறுபாடே அந்தரங்கப் பிரச்சினையின் ஊற்றுக்கண் எனலாம்.

நிகழ்படம் பார்ப்பவனின் அந்தரங்கம் சட்டத்துக்குள் வந்த கதை விசித்திரமானது. 1987இல் ஜனாதிபதி றேகன், உயர் நீதிமன்ற நீதியரசர் பதவிக்கு றொபேட் போர்க் என்பாரை நியமிக்க முனைந்தார். பொதுவான அந்தரங்க உரிமை எதனையும் அரசியலமைப்பிற் காணமுடியாதெனக் கருதியவர் போர்க். அவர் குடும்பம் கடையொன்றில் வாடகைக்கெடுத்த 146 வீடியோ நாடாக்களின் பட்டியலை ‘வோஷிங்டன் சிற்றி பேப்பர்’ என்ற வார ஏடு பெற்றுக் கட்டுரையாக்கியது. பட்டியலில் பழிக்கத்தக்கது எதுவுமிருக்கவில்லை. எனினும் சட்டமன்றத்தினர் கலங்கினர். தமது பட்டியல்களும் ஏதோவொரு கடையில் இருக்கின்றன என்பதை அவர்கள் நினைந்திருத்தல் கூடும். போர்க்கின் நியமனத்தைச் செனற் சபை 58க்கு 42 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அடுத்த ஆண்டிலேயே, 1988இல், வீடியோ அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பார்த்த படத்தையும் பார்த்தவரையும் இணைத்து, அவரது சம்மதமின்றி வெளியிடும் வணிகர் குறைந்தபட்சம் 2,500 டொலர் நட்டஈடு செலுத்த நேரிடலாமென அது விதித்தது.

இச்சட்டத்தின் இரு கூறுகள் மனங்கொளத்தக்கன. ஒன்று, படத்தின் பெயரை வெளியிடுதலைத் தடுத்த அதே சட்டம், வாடிக்கையாளர் மறுத்துரைக்காதவிடத்து, அவர் எவ்வகைப் படங்களை எடுக்கின்றார் என்பதை விற்பனை விளம்பரத்துக்காக வெளியிட இடமளித்தது. அந்தரங்கத்தைக் காக்க எழுந்த சட்டத்திலேயே விளம்பரதாரனுக்கு ஒரு வாயில் திறந்திருந்தது. மற்றொன்று, பாதுகாப்புக்குரியவர் யாரென்ற வரைவிலக்கணம்: வாடகைக்கெடுப்பவர், வாங்குபவர், சந்தாதாரர். பணங்கொடுத்துப் படம்பார்த்த காலத்தில் இவ்வரைவிலக்கணம் எவருக்கும் குறையாகத் தோன்றியிராது.

யூரியூப் 2005இல் தோன்றியது. 2006இல் 165 கோடி டொலர் பெறுமதிக்குக் கூகிள் அதனை வாங்கிற்று. கூகிள் 2008இல் டபிள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு யூலையில், வயகொம் நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்கிலே, யூரியூப்பிற் பார்க்கப்பட்ட ஒவ்வொரு படத்துக்குமுரிய பதிவேட்டை, பார்த்தோரின் கணக்குப்பெயர்கள், இணைய முகவரி எண்கள் என்பவற்றுடன் ஒப்படைக்குமாறு நியூயோர்க் நீதிபதி ஒருவர் பணித்தார். எதிர்ப்பெழுந்தபின் அடையாளங்களை நீக்கிக் கையளிக்க இருதரப்பும் உடன்பட்டன. நாடாக்கடையின் பேரேட்டுக்கு ஈடான பேரேடொன்று, உலகளாவிய அளவில், எவரும் பணம் செலுத்தாத இடத்திலும் எழுதப்பட்டு வந்துள்ளதென்பதை இவ்வழக்கு புலப்படுத்திற்று.

கைத்தொலைபேசி இப்பேரேட்டைச் செம்மைப்படுத்தியது. தொலைக்காட்சிப்பெட்டி குடும்பத்துக்குரியது, கைத்தொலைபேசி பெரும்பாலும் தனியொருவருக்குரியது. அதற்கென ஓர் அடையாள எண் உண்டு. செயலியில் விளம்பரத்துக்கான இடம் தோன்றியதும், அவ்வெண்ணும் இருப்பிடம் முதலிய விவரங்களும் ஏலங்கேட்போர் பலருக்கு அனுப்பப்படலாம்; ஒரு நொடிக்குள் ஏலம் முடிந்துவிடும். ஏலத்திற் தோற்றவரும் விவரத்தைக் கண்டுவிடுகின்றனர் என்பது பலரும் கவனியாத உண்மையாகும். அப்பிள் நிறுவனம் 2012இல் நிலையான சாதன எண்ணுக்குப் பதிலாக மாற்றத்தக்க விளம்பர எண்ணைப் புகுத்தியது. ஏனைய நிறுவனங்களின் செயலிகளூடாகப் பின்தொடர்வதற்கு அனுமதி கேட்கவேண்டுமென்ற விதி 2021இலேயே வந்தது.

1988இன் வரைவிலக்கணம் இங்கேதான் இடறியது. காட்டூன் நெற்வேர்க் செயலியைத் தம் தொலைபேசியில் இறக்கிய ஒருவர், தாம் பார்த்தவற்றின் விவரம் சாதன எண்ணுடன் ஒரு பகுப்பாய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதென வழக்கிட்டார். அவர் பணஞ் செலுத்தவில்லை, கணக்குத் திறக்கவில்லை, தம்மைப் பதிவுசெய்யவில்லை; ஆகவே அவர் சந்தாதாரரல்லர் என 2015இல் பதினோராம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த ஆண்டில், ‘யூ.எஸ்.ஏ. ருடே’ செயலி தொடர்பான இத்தகைய வழக்கொன்றில், முதலாம் வட்டார நீதிமன்றம் எதிர்மாறாக முடிவுசெய்தது. செயலியைப் பெற்றவர் தமது சாதன எண்ணையும் இருப்பிடத்தையும் கொடுத்தார்; அவை நிறுவனத்துக்குப் பெறுமதியுடையன; எனவே அது முற்றிலும் இலவசமான பேறன்று என்பது அந்நீதிமன்றத்தின் தருக்கம். ஸ்மைத்தின் கருத்துக்கு அமெரிக்க நீதிமன்றமொன்று, அவர் பெயரையே அறியாமலும் இருக்கலாம், இவ்வளவு அண்மித்து வந்தமை வியப்புக்குரியது. முந்திய தீர்ப்பு இலவசம் என்ற சொல்லை அப்படியே நம்பிற்று. பிந்தியது அதனுள் மறைந்திருந்த விலையைக் கண்டது.

விளம்பரதாரர் இவ்விலையை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியமை தொடர்பில், 2019இல் கூகிளும் யூரியூப்பும் 17 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. பொம்மை உற்பத்தியாளரிடம், சிறுவரைச் சென்றடைவதில் தாமே முதன்மையானவர் என யூரியூப் கூறிவந்ததென்றும், வேறோரிடத்திலே தமது தளத்தில் 13 வயதுக்குட்பட்ட பயனாளர் இல்லையெனக் கூறிற்றென்றும் அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது.

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி வேறொரு தொடக்கப்புள்ளியைக் கொண்டது. பணங்கொடுத்தாரா என்பதை அது வினவவில்லை. இனங்காணத்தக்க மனிதர் என்பதே போதும். இணையவழி அடையாளங்காட்டியும் இனங்காணற் சாதனமாக அதிற் கொள்ளப்படுகின்றது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. ஆயின் உரிமை சம்மதத்தில் தங்கிநிற்குமிடத்து, சம்மதம் எவ்வாறு பெறப்படுகின்றது என்ற வினா எழுகின்றது. ஐரோப்பிய விளம்பரத் துறையிற் பரவலாக வழங்கிய சம்மதம்பெறும் முறை விதிக்கு முரணானதென 2022இல் பெல்ஜிய அதிகாரசபை முடிவுசெய்தது. ஒருவர் சம்மதித்தாரா மறுத்தாரா என்பதைக் குறித்துவைக்கும் குறியீட்டுத் தொடரும், அவரது இணைய முகவரி எண் போன்றவற்றுடன் இணைக்கத்தக்கதாயின், தனிப்பட்ட தரவேயாகும் என்று 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.