பத்தாயிரம் வரி சி புரோகிராமும் மனுஷனோட ஜீனோமும்

தொடர்ந்து கோடு அடிச்சு கை வலிச்சா நாம என்ன செய்வோம்? மேனேஜர்கிட்ட புலம்பிட்டு லீவு போட்டு தூங்குவோம். ஜிம் கென்ட்னு ஒருத்தர் ராத்திரி மணிக்கட்டுல ஐஸ் வச்சுக்கிட்டு, மறுநாள் மறுபடியும் டைப் அடிக்க உட்கார்ந்தார். கிட்டத்தட்ட ஒரு மாசம் இப்படியே ஓடிச்சு. அது 2000ஆம் வருஷம், மே-ஜூன். எழுதின புரோகிராம் பேரு கிக்அசெம்ப்ளர். சுமார் பத்தாயிரம் வரி, எல்லாம் சி.

ஏன் அவ்வளவு அவசரம்? அப்போ மனித ஜீனோமைப் படிக்க ரெண்டு கோஷ்டி போட்டி போட்டுக்கிட்டு இருந்தது. ஒண்ணு அரசாங்கக் காசுல பல நாடுகள் சேர்ந்து நடத்தின திட்டம். இன்னொண்ணு க்ரெய்க் வென்டரோட செலரா கம்பெனி. செலரா தன்னோட தரவை சந்தா கட்டினாத்தான் தரும். ஆயிரக்கணக்கான ஜீன்களுக்கு 1999லயே தற்காலிக காப்புரிமை விண்ணப்பமும் போட்டு வச்சிருந்தாங்க. செலரா முதல்ல முடிச்சு, பொதுத் திட்டத்துக்கிட்ட வெறும் துண்டுக் குவியல்தான் இருக்குன்னா, ஜீனோம் வேணும்கிறவன் காசை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

குவியல்னு சும்மா சொல்லல. டிஎன்ஏவை வாசிக்கிற அந்தக் கால மெஷின் ஒரு தடவைக்கு ஐநூறு எழுத்து வாசிச்சா பெருசு. மொத்தம் இருப்பதோ 300 கோடி எழுத்து. அதனால பொதுத் திட்டத்துல முதல்ல ஒன்றரை லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டுகளா வெட்டி, ஒவ்வொண்ணையும் மறுபடி பொடியாக்கி வாசிச்சாங்க. அந்தப் பொடிகளை ஒட்ட ஃபில் க்ரீன் எழுதின ஃப்ராப் இருந்தது. ஒட்டின பிறகும் சுமார் நாலு லட்சம் துண்டு மிச்சம். எது முன்னாடி, எது பின்னாடி, எது தலைகீழாத் திரும்பி இருக்குன்னு தெரியாது.

இப்படி யோசிச்சுப் பாருங்க. பத்து தினத்தந்தியைச் சுக்குநூறாக் கிழிச்சு, ஒரே ஒரு பேப்பரைத் திரும்ப ஒட்டணும். "மணமகள் தேவை"ன்னு ஒரு துண்டு வந்தா எந்த இடத்துல ஒட்டுவீங்க? அது நூறு இடத்துல இருக்குமே! நம்ம ஜீனோம்ல பாதிக்குக் கிட்ட இந்த மாதிரி திரும்பத் திரும்ப வர்ற சமாச்சாரம்தான். அலுன்னு ஒண்ணு, 300 எழுத்து நீளம், பத்து லட்சம் காப்பிக்கு மேல இருக்கு. பேரு பொருத்தமாத்தான் இருக்கு, அலுக்கவே மாட்டேங்குது :-)

கென்ட் செஞ்ச வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்சது பாலம் போட்ட விதம். ஒரு ஜீன்ல இருந்து செல் எடுக்கிற நகல், எம்ஆர்என்ஏ. அதோட முன்பாதி அந்தத் துண்டோடயும், பின்பாதி இந்தத் துண்டோடயும் பொருந்தினா, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல எந்த வரிசையில இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. நடுவுல என்ன இருக்குன்னு தெரியாட்டியும் பரவாயில்லை. இது மாதிரி கிடைச்ச சாட்சியெல்லாம் சேர்த்து, வலுவானதை முதல்ல எடுத்துக்கிட்டு, முன்னாடி போட்டதோட முரண்படுறதைத் தள்ளிடும். க்ரீடி அல்காரிதம்தான், காலேஜ்ல நாம எல்லாரும் படிச்சதே. ஓட்டினது 100 பென்டியம் 3 மெஷின்ல.

இத்தனைக்கும் கென்ட் அப்போ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்டா க்ரூஸ் வளாகத்துல ஆராய்ச்சி மாணவர், வயசு நாப்பது. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அனிமேஷன் சாஃப்ட்வேர் எழுதினவர். விண்டோஸ் டெவலப்பர் கிட் சிடி சிடியா வந்து குவியுதேன்னு வெறுத்துப் போய்த்தான் இந்தப் பக்கம் வந்தாராம். ஜீனோம் ஒரே சிடியில அடங்கும், மூணு மாசத்துக்கு ஒருமுறை வெர்ஷனும் மாறாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலே எழுத்து, எழுத்துக்கு ரெண்டு பிட், 750 எம்பி சொச்சம். அழுத்திப் பிடிச்சா அடங்கிடும்.

ஜூன் 22ந்தேதி கென்ட்டோட ஜீனோம் ஒண்ணு சேர்ந்தது. செலரா மூணு நாள் கழிச்சு, 25ந்தேதி முடிச்சாங்க. 26ந்தேதி வெள்ளை மாளிகையில கிளின்டன் மேடையில ரெண்டு தரப்பும் சமமா நின்னாங்க. ஜூலை 7, சான்டா க்ரூஸ்காரங்க மொத்தத்தையும் இன்டர்நெட்ல இலவசமாப் போட்டாங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

செலரா பக்கமும் ஒரு நியாயத்தைச் சொல்லிடணும். அங்க ஜீன் மையர்ஸ் தலைமையில எழுதின அசெம்ப்ளர், நடுவுல பெரிய துண்டு எதுவும் வச்சுக்காம நேரா மொத்த ஜீனோமையும் பொடியாக்கி ஒட்டுற வழி. நடக்காதுன்னு எழுதினவங்கள்ல நம்ம ஃபில் க்ரீனும் ஒருத்தர். பொதுத் திட்டத்தோட தரவையும் செலரா சேர்த்துக்கிட்டது உண்மைதான். ஆனா புரோகிராமாப் பார்த்தா மையர்ஸோடதுதான் கஷ்டமானதுன்னு நான் சொல்வேன். பின்னாடி உலகமும் அந்த வழியிலதான் போச்சு. கென்ட்டோடது அழகான கோடான்னு கேட்டா, அந்த ஜூன் மாசத்துக்குத் தேவையான கோடு.

செலரா 2005ல சந்தாவை நிறுத்திட்டு, தரவைப் பொதுவுல கொடுத்துட்டாங்க. இயற்கையா இருக்கிற டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 ஆச்சு. அந்த அலு மாதிரி திரும்பத் திரும்ப வர்ற இடங்கள்ல விட்டுப்போன ஓட்டைகளை முழுசா அடைச்சது 2022லதான், அதுவும் ஒரே மூச்சுல ஆயிரக்கணக்கான எழுத்து வாசிக்கிற மெஷின்கள் வந்தப்புறம்.

கென்ட் அந்த ஜூலைக்கப்புறம் சும்மா இருக்கல. கொட்டிக் கிடக்கிற எழுத்தை மனுஷன் பார்க்கிற மாதிரி காட்டணும்னு ஜீனோம் ப்ரவுசர் எழுத ஆரம்பிச்சுட்டார். யூசிஎஸ்சி ஜீனோம் ப்ரவுசர்னு தேடிப் பாருங்க, இன்னைக்கும் திறக்கும். உங்களுக்குத் தெரிஞ்ச ஜீன் பேரு ஏதாவது அடிச்சுப் பாருங்க, காசு கேக்காது.