பிரிவதா, எப்படிப் பிரிவதா?

கூட்டு வியாபாரத்தில் பிரிவதைவிட, எப்படிப் பிரிவது என்பதில்தான் சண்டை அதிகம். பர்மாவின் கதையும் அதுதானுங்க.

இந்தியாவிலிருந்து பர்மாவைப் பிரிக்கலாம் என்று 1930-ல் சைமன் கமிஷன் பரிந்துரைத்தது. தனியே போனால் இந்தியாவுக்குக் கிடைக்கிற அரசியல் உரிமை நமக்குக் கிடைக்காமல் போயிடுமே என்று பர்மியர் பலர் அஞ்சினர். கூட்டாட்சியில் சேருகிறோம், வேண்டும்போது விலகும் உரிமை வேண்டும் என்றனர். சேர்ந்தால் நினைத்தபோது விலக முடியாது என்றது லண்டன்.

1932 நவம்பர் தேர்தலில் பிரிவினை எதிர்ப்பாளர்களே அதிக இடம் பிடித்தனர். டிசம்பரில் சட்டசபை, சொன்ன நிபந்தனையில் பிரிவினையும் வேண்டாம், விலக வழியில்லாத கூட்டாட்சியும் வேண்டாம் என்றது. மூன்றாவது வழி கிடைக்கவேயில்லை. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா பிரிந்தது. எதிர்ப்பணித் தலைவர் பா மாவே முதல் பிரதமரானார்.

அங்கே கடன் கொடுத்திருந்த நம் செட்டியார்கள், இடம் பெயராமலே வெளிநாட்டில் முதல் போட்டவர்கள் ஆனார்கள். வெளியூரில் பிழைக்கும் நாம் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.